படித்தேன், புரிந்துகொண்டேன்

அத்தியாயம் பதினேழு

போன அத்தியாயத்தில் அண்ணன் மேஜையைத் தட்டிய தட்டில் டீ கொட்டியது. இன்று காலையில் அந்தக் கை வீங்கியிருந்தது. அண்ணியிடம் நீட்டிக் காட்டினான். "தட்டறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் மடிக்கணினியைத் திறந்தாள். கைக்கு மருந்து தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாளா இது?

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பதினான்கு பேர் வேலை செய்கிற ஒரு சின்ன ஆய்வுக்கூடம். நடத்துகிறவன் அண்ணன். அவன் மனைவி, நம் அண்ணி, காப்புரிமை விண்ணப்பம் எழுதுகிறவள். கண்டுபிடித்தவர்கள் கண்டபடி பேசுவதைச் சட்டத்தின் மொழிக்கு மாற்றி, காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்து தருவது அவள் தொழில். அண்ணனின் தங்கை அங்கே ஆய்வாளர். முப்பத்தெட்டு வயது, முனைவர் பட்டம், கண்ணாடி, நரை எல்லாம் உண்டு. ஆனாலும் வீட்டில் கூப்பிட்ட 'பாப்பா' கூடத்திலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பாப்பாவின் கணவனும் அங்கேதான் வேலை பார்த்தான். எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. மூன்று மாதத்துக்கு முன்னால், நாற்பத்தொரு வயதில், கூடத்தின் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

இனி அந்தக் கண்டுபிடிப்பு. ஒரு சொட்டு சிறுநீரை வைத்தே சிறுநீரகம் கெடத் தொடங்கியதைச் சொல்லிவிடுகிற காகிதப் பட்டை அது. பட்டையில் நிறத்தை மாற்றுவது ஒரு நொதி, அதாவது என்சைம். காகித ஆலையின் கழிவு வாய்க்காலில் வாழ்கிற ஒரு பாக்டீரியா தந்த நொதி. நல்ல நொதிதான், ஆனால் அதற்குச் சூடு ஆகாது. குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு நாள் இருந்தால் சுருண்டு செத்துவிடும். அதன் அமினோ அமிலச் சங்கிலியில் இரண்டு கண்ணிகளை மாற்றி, தொங்குகிற வளையம் ஒன்றைப் பின்னால் இருக்கிற இழையோடு சேர்த்துக் கட்டியதும் ஒரு வருஷம் தாங்கியது. கூடத்தில் அதற்குப் பெயர் 'ஊக்கு'. மாப்பிள்ளையின் ஊக்கு என்பார்கள்.

வாய்க்காலில் கிடந்த நொதியை யாரும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. கண்டெடுத்தது வேறு, செய்தது வேறு என்கிறது சட்டம். ஊக்கு குத்திய நொதி இயற்கையில் எங்கும் இல்லை. அதற்கு உரிமை கேட்கலாம். ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு அண்ணன் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசுகிறான். மேடையில் வாய் திறந்த பிறகு போய் நின்றால், "ஊருக்கே தெரிஞ்சதுல புதுசு என்ன இருக்கு?" என்று அலுவலகம் கையை விரித்துவிடும். ஆகவே இன்று மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும்.

எல்லாம் தயார். 'கண்டுபிடித்தவர்' என்ற ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

*

ஒன்பதரைக்குத் தொலைபேசி வந்தது. பட்டையை வாங்கித் தயாரிக்கப்போகிற பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர். அண்ணன் ஒலிபெருக்கியில் போட்டான். பாப்பா சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்க என்சைம் அருமை சார்" என்றார் வழக்கறிஞர். தேன் ஒழுகுகிற குரல். "ஆனா நாங்க வாங்கறது என்சைம் இல்ல. காகிதம். அந்தக் காகிதம் சுத்தமா இருக்கணும்."

"சுத்தமாத்தான் சார் இருக்கு."

"உங்க மாப்பிள்ளை முன்னாடி இருந்த கம்பெனியில ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கார். வேலையை விட்டு ஒரு வருஷத்துக்குள்ள எதைக் கண்டுபிடிச்சாலும் அது அவங்களுக்குச் சொந்தம். இந்த யோசனை வந்தது ஏழாவது மாசம். சரிதானே?"

அண்ணன் வீங்கிய கையைத் தடவிக்கொண்டான்.

"நான் யாரையும் தப்பா சொல்லல சார். பட்டை செய்ய ஆலை கட்டவே எங்களுக்கு நாலு வருஷம் ஆகும். கட்டி முடிச்சு விளக்குப் போடற அன்னைக்கு ஒருத்தர் வந்து, இதுல எங்களுக்கும் பங்கு இருக்குன்னு நின்னா? இந்தத் தொழில்ல எல்லாருக்கும் அந்தப் பயம்தான். மருந்து வேலை செய்யுமா செய்யாதாங்கறதெல்லாம் அப்புறம்தான். அவர் பேர் இல்லாம விண்ணப்பம் போனா நாங்க கையெழுத்துப் போடறோம். இருந்தா, மன்னிச்சுக்குங்க."

தொலைபேசி அடங்கியது. பாக்டீரியா வளர்க்கிற பெட்டிகளின் ரீங்காரம் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"கேட்டியா பாப்பா?" என்றான் அண்ணன்.

"நல்லாவே கேட்டுது."

"மாப்பிள்ளை பேரை விட்டுடலாம். நம்ம மனசுல அவர் இருக்கார், அது போதாதா? அவங்க வாங்கலைன்னா பட்டை இந்தக் கூடத்தை விட்டு வெளியவே வராது. பதினாலு பேர் வீட்டுல அடுப்பு எரியணும்."

"மனசுல இருக்கார்னு எல்லாரும் சொல்றாங்க அண்ணா. மனசு எத்தனை நாளைக்கு? எங்களுக்குப் புள்ளையா, குட்டியா? அவர் இந்த உலகத்துல இருந்தார்ங்கறதுக்கு இந்த ஒரு காகிதம்தான் மிச்சம். அதுலயும் அவர் இல்லைன்னு நீங்களே எழுதினா, நான் எங்க போய்ச் சொல்றது?" குரல் உடையாமல் சொல்லி முடித்தாள். அதற்குத்தான் கையை அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"நான் என்ன வேணும்னா சொல்றேன்?"

"வேண்டாம்னுதான் சொல்றீங்க!"

"ரெண்டு பேரும் நிறுத்தறீங்களா?" அண்ணி நிமிர்ந்தாள். "என்னங்க, பயந்துக்கிட்டு ஒரு பேரை எடுக்க முடியாது. பாப்பா, பாசத்துல ஒரு பேரைச் சேர்க்கவும் முடியாது. யார் தலையில உதிச்சுதோ அவங்க பேர், அவ்வளவுதான். ஒண்ணு குறைஞ்சாலும் பொய், ஒண்ணு கூடினாலும் பொய். நாளைக்கு எவனாவது நோண்டினா மொத்தக் காப்புரிமையும் போயிடும். கீழே உறுதிமொழி வாங்கி அனுப்பப்போறது நான்."

"அப்ப அவர் பேர்தான்" என்றாள் பாப்பா. "ஊக்கு அவரோட யோசனை. கூடத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

"கூடம் சொல்றது எனக்குப் போதாது. யோசனை வந்த அன்னைக்கு எழுதின பக்கம் வேணும். அவரோட குறிப்பேடு எங்க?"

பாப்பா தரையைப் பார்த்தாள். குறிப்பேடு வீட்டில், அலமாரியின் மேல் தட்டில், அவனுடைய கம்பளிச் சட்டைக்குள் சுற்றி வைத்திருந்தது. மூன்று மாதமாக அவள் அதைத் தொடவில்லை.

"போய் எடுத்துட்டு வா" என்றாள் அண்ணி. குரல் இளகியிருந்தது. "அவர் எழுதியிருந்தார்னா, உங்க அண்ணன் தலைகீழா நின்னாலும் நான் அவர் பேரைப் போடறேன்."

*

ஆய்வுக் குறிப்பேடு என்றால் சும்மா நோட்டுப் புத்தகம் இல்லை. பக்கங்களுக்கு எண் அச்சடித்திருக்கும். கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, பேனாவில்தான் எழுத வேண்டும். ஏதாவது தாளை ஒட்டினால், தாளில் பாதி, பக்கத்தில் பாதி விழுகிற மாதிரி ஓரத்தில் குறுக்கே கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தின் அடியில் எழுதியவர் கையெழுத்து. அதற்குக் கீழே சாட்சியின் கையெழுத்து. சாட்சிக்கு மேலே ஒரு வரி அச்சடித்திருக்கும்: படித்தேன், புரிந்துகொண்டேன்.

சாட்சிக்கு வேலை புரிய வேண்டும். ஆனால் அந்த வேலையில் பங்கு இருக்கக் கூடாது. பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே வேறு பிரிவிலிருந்து ஆள் வருவார். பதினான்கு பேர் கூடத்தில் யார் வருவார்? பக்கத்து மேஜையில் மனைவி இருக்கும்போது மாப்பிள்ளை எதற்கு எழுந்து நடப்பான்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாப்பா பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம் பார்த்து வருவான். வாரத்துப் பக்கங்களையெல்லாம் விரலால் பிரித்துப் பிரித்துக் காட்டுவான். அவள் நின்றபடியே போட்டுக்கொண்டே போவாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

"ஐயோ, ஆளை விடுங்க. பஸ் போயிடும்."

ஒவ்வொரு வெள்ளியும் இதே கூத்து. அதை நினைத்துக்கொண்டேதான் இன்று மதியம் மூன்றாவது மாடியில் இருக்கிற தன் வீட்டுக்கு ஏறினாள். வாசலில் அவனுடைய செருப்பு இன்னும் இருந்தது. எடுத்து வைக்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். தினமும் தாண்டிப் போவாள்.

அலமாரியைத் திறந்து, கம்பளிச் சட்டையோடு அப்படியே கட்டிலில் வைத்தாள். அப்போது அட்டைக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவிலிருந்து ஓர் உறை நழுவித் தரையில் விழுந்தது. நன்றாக ஒட்டி, தபால்தலையும் ஒட்டிய உறை. அவன் கையெழுத்தில் முகவரி: அவன் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் சட்டப் பிரிவு. எழுதியவன் தபாலில் சேர்க்கவில்லை.

இது எதற்கு? அவளுக்குச் சுருக்கென்றது. பிரிக்கக் கை வரவில்லை. கைப்பைக்குள் போட்டு இழுத்து மூடினாள். முதலில் பக்கம், மற்றது பிறகு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தேதியைத் தேடிப் புரட்டினாள். அறுபது, அறுபத்தைந்து, எழுபது. கட்டை விரலில் அவன் எழுத்தின் மை ஒட்டுகிற மாதிரி இருந்தது. எழுபத்துமூன்றாம் பக்கத்தில் தலைப்பு: ஊக்கு.

இப்படி எழுதியிருந்தான்:

'இன்று காலை, வீட்டில். என் பையின் வார் அறுந்துவிட்டது. அவள் ஊக்கு குத்திக் கொடுத்தாள். குத்திக்கொண்டே, நம் நொதியில் தொங்குகிற வளையத்தையும் இப்படிப் பின்னால் இருக்கிற இழையோடு சேர்த்துக் குத்திவிட்டால் சூட்டில் அவிழாதே என்றாள். எந்த இரண்டு இடத்தில் என்று கேட்டேன். மின்கட்டண ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினாள். கீழே ஒட்டியிருக்கிறேன். யோசனையும் அவளுடையது, இடமும் அவளுடையது. நான் கேட்டேன், எழுதினேன். நாளை செய்து பார்க்க வேண்டும்.'

அதற்குக் கீழே, நாலாக மடித்து ஒட்டிய ரசீது. மடிப்பைப் பிரித்தாள். வளையம், இழை, இரண்டு அம்புக்குறி, இரண்டு எண்கள். அவளுடைய எழுத்து. ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே கோடு போடுகிறவள் கூடத்திலேயே அவள் ஒருத்திதான்.

ரசீதின் ஓரத்தில் குறுக்கே அவளுடைய கையெழுத்து. பக்கத்தின் அடியில், 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்பதற்குக் கீழேயும் அவளுடைய கையெழுத்து. மடித்த தாளைப் பிரிக்காமல், ஒரு வரி படிக்காமல், பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் போட்டது.

ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: 'இதைப் படித்தால் சண்டைக்கு வருவாள். படிக்க மாட்டாள்.'

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. கம்பளிச் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு, பெற்ற தாய் போனபோதுகூட அழாத அழுகை அழுதாள்.

எப்படி மறந்தாள்? மறக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சில் எதை யார் சொன்னார்கள் என்று யார் கணக்கு வைக்கிறார்கள்? அடுத்த வாரம் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். செய்து பார்த்தவன் அவன், கூட்டத்தில் சொன்னவன் அவன். கூடமே மாப்பிள்ளையின் ஊக்கு என்றது. அவளும் சேர்ந்து சொன்னாள், பெருமையாகத்தான் இருந்தது. அவன் போன பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து நினைத்து நினைத்து, நல்லதாக எது ஞாபகம் வந்தாலும் அதை அவன் சொன்னதாகவே ஆக்கிவிட்டாள். பையில் ஊக்கு குத்திய காட்சியில்கூட, அவளுடைய ஞாபகத்தில் பேசிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

தொலைபேசி அடித்தது. அண்ணன்.

"பாப்பா, சாப்பிட்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத. சரி, கேளு. மாப்பிள்ளை பேரைப் போட்டுடலாம்."

அவள் எழுபத்துமூன்றாம் பக்கத்தை விரலால் நீவினாள்.

"காலையிலேருந்து ஒரு வேலையும் ஓடல. எவ்வளவு பெரிய இடத்தை உதறிட்டு நம்மகிட்ட வந்த மனுஷன். முதல் நாள் அவருக்கு ஒரு நாற்காலிகூட இல்ல, ஐஸ் பெட்டி மேல உட்கார்ந்து எழுதினார். அவர் பேரை வெட்டிட்டு நாளைக்கு அந்த மேடையில நின்னா என் நாக்கு அழுகிடும். வாங்கறவங்க வாங்கட்டும், இல்லைன்னா போகட்டும். நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். நோட்டு கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் நீ கவலைப்படாத. கூடத்துல நாலு பேர்கிட்ட எழுதி வாங்கி உங்க அண்ணியை நான் சமாதானம் பண்ணிடறேன். பாப்பா? இருக்கியா?"

"இருக்கேன் அண்ணா. வர்றேன்."

*

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. குறிப்பேட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நோட்டு கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டான். கூடமே சாட்சி சொல்லும். அவன் பெயர் அச்சில் ஏறும். உலகத்தில் எந்த மூலையில் யார் அந்தக் காப்புரிமையைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் அவன் இருப்பான். அவள் செத்த பிறகும் இருப்பான். இதைத்தானே காலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்?

சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? திருடியது யாரிடமிருந்து? அவளுடையதை அவளே கொடுக்கிறாள்.

இன்னொன்று முள்ளாகக் குத்தியது. இந்தப் பக்கத்தைக் காட்டினால் வழக்கறிஞர் துள்ளிக் குதிப்பார். மாப்பிள்ளை பெயர் போய்விடும், பழைய கம்பெனி வாயைத் திறக்க முடியாது, காகிதம் சுத்தமாகிவிடும். காலையில் அண்ணன் கேட்டது அப்படியே நடந்துவிடும். உண்மை இப்படியா எதிராளிக்குத் தோதாக வந்து நிற்க வேண்டும்! அவளுக்கு அந்த உண்மையின் மேலேயே ஆத்திரமாக வந்தது.

யோசனையும் அவளுடையது, இடமும் அவளுடையது. யாரும் கேட்காதபோதே எழுதி வைத்தவன். மனைவி படிக்க மாட்டாள் என்று தெரிந்தும் எழுதியவன். அதை அலமாரிக்குள் போட்டு மூடிவிட்டு அவனுக்கு மரியாதை செய்வதாக நினைத்தால், அவளுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?

இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

*

கூடத்துக்குள் நுழையும்போது மணி நாலு பத்து. வாசலிலேயே 'மூடி' நின்றார். இருபது வருஷமாக எல்லோரிடமும் "குப்பி மூடி எங்க? மூடியைப் போடு" என்று கத்திக் கத்திப் பெயரே மூடி ஆகிப்போன மூத்த உதவியாளர். வாய்க்காலில் பிடித்த பாக்டீரியாவை மூடிய குழாயில் நுண்ணுயிர் வங்கியில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வந்திருந்தார். காகிதத்தில் எவ்வளவுதான் எழுதினாலும் உயிர் உள்ள ஒன்றை முழுக்க எழுதிவிட முடியாது. அதனால் அதையே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்பது விதி.

"பத்திரமா வச்சாச்சு பாப்பா" என்றார். "மாப்பிள்ளை இருந்தா அவர்தான் போயிருப்பார்." கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

உள்ளே அண்ணி அந்தக் கட்டத்தில் மாப்பிள்ளையின் பெயரை அடித்து வைத்திருந்தாள். அண்ணன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "உட்காரு. பார், போட்டாச்சு."

பாப்பா பார்த்தாள். திரையில் அவன் பெயர் எவ்வளவு அழகாக இருந்தது! ஒரு நிமிஷம் முழுக்கப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டை விரித்து அண்ணிக்கு முன்னால் வைத்தாள்.

"எழுபத்துமூணு. ரசீதைப் பிரிச்சுப் பாருங்க அண்ணி."

அண்ணி படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். ரசீதைப் பிரித்து, ஏழின் குறுக்குக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது உன் எழுத்து."

"ஆமா."

"இதை நீ படிச்சதே இல்லையா? கையெழுத்துப் போட்டிருக்கியே!"

"போட்டேன். படிக்கல."

"அடிப் பாவி!" அண்ணி சொன்னது அது ஒன்றுதான். ஆனால் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

அண்ணன் குறிப்பேட்டை வாங்கினான். படித்து முடிக்க நேரம் பிடித்தது. முடித்ததும் முகம் வெளிறிவிட்டது. காலையில் அவன் எதைக் கேட்டு மேஜை தட்டாத குறையாக நின்றானோ, அது அவன் கைக்கே வந்து சேர்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொள்ள அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ரெண்டு பேர் பேரையும் போடலாமே" என்றான். "ஒரு வருஷம் ராத்திரி பகல் பார்க்காம செஞ்சது அவர்தானே? அது கணக்குல வராதா?"

"வராதுங்க" என்றாள் அண்ணி. "சொன்னதைச் செஞ்சு பார்த்தவங்க எவ்வளவு பாடுபட்டிருந்தாலும் இந்தக் கட்டத்துல அவங்களுக்கு இடம் கிடையாது. எனக்கு மட்டும் ஆசையா?"

"அவரே எழுதிட்டார் அண்ணா" என்றாள் பாப்பா. "அவர் எழுதினதை நான் அடிக்க மாட்டேன். அவர் பேரை எடுத்துடுங்க அண்ணி." அவ்வளவு நேரம் தாங்கிய குரல் அங்கே உடைந்தது. அண்ணன் அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் அவள் கீழே விழுந்து வந்தால் அப்படித்தான் பிடிப்பான்.

அண்ணி விசைப்பலகையில் கை வைத்தாள். எழுத்துகள் வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி எழுத்தில் அண்ணி ஒரு கணம் தயங்கினாள். பிறகு அதுவும் போயிற்று.

பாப்பாவின் பெயரை அடித்து முடித்ததும் அண்ணியின் நெற்றி சுருங்கியது.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு. கண்டுபிடிச்சவ நீ, சாட்சி கையெழுத்தும் நீ. தன் கண்டுபிடிப்புக்குத் தானே சாட்சியான்னு நாளைக்கு எவனாவது கேட்டா என்ன சொல்றது? உன் கையெழுத்து அந்தப் பக்கத்துல செல்லாது பாப்பா."

"செல்ல வேண்டாம்" என்றாள் பாப்பா. "அந்தப் பக்கத்துல சாட்சி நான் இல்ல அண்ணி. அவர்தான்."

அண்ணி குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, கோப்பில் சேர்த்தாள்.

மணி நாலு முப்பத்தெட்டு. அச்சடித்த விண்ணப்பம் முப்பத்துநாலு பக்கம். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்து நீட்டினாள். "உறுதிமொழிக்குக் கீழே போடு. ஸ்கேன் பண்ணி அனுப்பணும். சீக்கிரம்."

பாப்பா பேனாவை வாங்கினாள். காகிதக் கட்டைத் திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"என்ன பண்ற?" என்றான் அண்ணன்.

"படிக்கறேன்."

"முழுசுமா? இருபது நிமிஷம்தான் இருக்கு பாப்பா!"

"படிக்காம போட மாட்டேன் அண்ணா."

அண்ணனுக்கு நெற்றி வேர்த்தது. எழுந்தான், உட்கார்ந்தான், கடிகாரத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தவனை அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான். பாப்பா வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். பத்தொன்பதாம் பக்கத்தில் ஓர் எண் தவறாக இருந்தது. ஊக்கு குத்த வேண்டிய இரண்டு இடங்களில் ஒன்று. எழுபத்தொன்று என்பது பதினொன்று என்று அச்சாகியிருந்தது. அப்படியே போயிருந்தால் அவர்கள் உரிமை கேட்டிருப்பது யாரும் செய்யாத, எதற்கும் உதவாத ஒரு நொதிக்கு. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு திருத்தி அந்தத் தாளை மாற்றினாள்.

நாலு ஐம்பத்தைந்துக்குக் கடைசி வரி. பாப்பா கையெழுத்துப் போட்டாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் எண் வந்தது. யாரும் கை தட்டவில்லை. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான்.

"நாளைக்கு மேடையில முதல் வார்த்தை மாப்பிள்ளையைப் பத்தித்தான்" என்றான். "அதைத் தடுக்க எந்தச் சட்டமும் கிடையாது இல்ல?"

"கிடையாது" என்றாள் அண்ணி.

பாப்பா தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்து மேஜை காலியாக இருந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிளம்ப வேண்டும். பையை மாட்டிக்கொள்ள எடுத்தவள், மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே அந்த உறை இருந்தது. பழைய கம்பெனிக்கு அவன் என்ன எழுதினான்? எழுதி ஒட்டியவன் ஏன் அனுப்பவில்லை? அந்த உறையைப் பற்றி அவள் அண்ணனிடமும் சொல்லவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை. உறையின் ஓரத்தில் விரலை வைத்தாள். படிக்காமல் இனி எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தவளுக்கு, இதைப் படிக்கப் பயமாக இருந்தது.